டிராயிங் ஆபீஸ் ரெமி

மணல் மூட்டைகளின் மேல் படுத்துப் படுத்து ரெமிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எழுந்து நின்றால் முதுகின் அடிக்கணுவில் யாரோ ஆணி வைத்து அழுத்துவது போல இருந்தது. இரும்பு வார்க்கிற பவுண்டரியில் பகல் முழுக்க மண் வாரிக் கொட்டிய நாட்களில்கூட இப்படி வலித்ததில்லை. வேலை செய்த வலி படுத்தால் இறங்கும். இது படுத்ததால் வந்த வலி. இதை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

"சும்மா கெடந்து பாத்தாத்தான் தெரியுது," என்றார் அர்மான், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி நெளிந்துகொண்டே. "மொதலாளிக்கு ஏன் எப்பப் பாத்தாலும் முதுகு வலின்னு."

பக்கத்தில் படுத்திருந்த நாலைந்து பேர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்கள். அர்மான் உலைக்காரர். இரும்பு உருக்கி உருக்கிப் புருவம் முளைப்பதே நின்றுபோன மனிதர். அவர் முகத்தைப் பார்த்தால் எப்போதும் எதற்கோ ஆச்சரியப்படுவது போல இருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷத்து மே மாதம் அது. பாரிஸில் மாணவர்கள் தெருக்கல்லைப் பெயர்த்துப் போலீஸ் மேல் எறிகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. கொஞ்ச நாளிலேயே நாடு முழுக்க ஆலைகள் நின்றுபோயின. சேன் ஆற்றின் இடக்கரையில் இருந்த இந்தப் பவுண்டரியிலும் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிட்டார்கள். வெளியே போனால் முதலாளி கேட்டைப் பூட்டிக்கொள்வான், அப்புறம் உள்ளே வர அவன் காலில் விழ வேண்டும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ரயில் ஓடவில்லை. தபால் வரவில்லை. பெட்ரோல் இல்லை. நாட்டுப்புறத்து விவசாயிகள் டிராக்டரில் உருளைக்கிழங்கும் பாலும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். டிராக்டருக்கு மட்டும் எண்ணெய் எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ரெமிக்கு இருபது வயது. இடுப்பு வலியை அவன் தாங்கிக்கொள்வான். தபால் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டுத் தெருவில், எலியான் இருந்தாள். மருந்துக்கடைக்காரர் மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். வேலைநிறுத்தம் தொடங்கிய நாளிலிருந்து அவளை அவன் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேர நடை. ஒரு மத்தியானம் வேலைநிறுத்தக் கமிட்டியிடம் அனுமதி கேட்டுப் போய்வந்திருக்கலாம். எங்கே போகிறாய் என்று கேட்டிருப்பார்கள். அதற்குத்தான் அவனிடம் பதில் இல்லை.

பனி விடுகிற சமயத்தில் நகர மண்டபத்தில் ஒரு நடனம் நடந்தது. அங்கேதான் அவளைப் பார்த்தான். தோழிகளோடு வந்திருந்தாள். யாரோ அறிமுகம் செய்துவைத்தார்கள். அவள் கையை நீட்டினாள். ரெமி தன் கையை முஷ்டியாக மடக்கி, மணிக்கட்டை நீட்டினான்.

பவுண்டரியில் அப்படித்தான். காலையில் வந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அன்று முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஏற்கெனவே மண்ணில் கை வைத்துவிட்டவன் அழுக்குக் கையை நீட்டாமல் மணிக்கட்டை நீட்டுவான். எதிரில் இருப்பவன் அதைப் பிடித்துக் குலுக்குவான். நடனத்துக்கு வருவதற்கு முன்னால் ரெமி மணல் சோப்பு போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துத்தான் வந்திருந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. பழக்கம் சுத்தமாகவில்லை.

எலியான் அந்த மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. இருந்தாலும் அவனுக்குக் காது சூடேறியது.

"என்ன வேல பாக்குறீங்க, கையக் குடுக்காம மணிக்கட்டக் குடுக்குறீங்க?"

"மசி," என்றான் ரெமி. வேறொன்றும் வாயில் வரவில்லை. "டிராயிங் ஆபீஸ்ல இருக்கேன். கையில மசி ஒட்டிக்கும்."

சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் நடந்தார்கள், சினிமாவுக்குப் போனார்கள், ஒரு காப்பியை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தின நாள் எலுமிச்சம்பழமும் வெளுப்புத் தூளும் போட்டு நகக்கண்ணைக் குடைந்தான். முன்கையில் உருகிய இரும்பு தெறித்த வடு ஒன்று இருந்தது. கெட்டில் கவிழ்ந்தது என்றான். அவள் அந்த வடுவின் மேல் விரலை வைத்து, "ரொம்ப சூடான கெட்டில் போல," என்றாள். அவன் பேச்சை மாற்றினான். முத்தமிடும்போதுகூட உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைக்கமாட்டான். காய்த்துப்போயிருந்ததே, அதனால்.

பவுண்டரி ஆட்களுக்கு, வார்ப்புக்குப் படம் வரைந்து கொடுக்கிற டிராயிங் ஆபீஸ் என்ற பெயரே ஆகாது. வேலை நின்ற முதல் நாள் அந்த ஆபீஸ்காரர்கள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வரிசையாகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவன் பஸ் ஜன்னலில் இருந்து கையாட்டிவிட்டுப் போனான். அந்தக் கையாட்டலை யாரும் மறக்கவில்லை. உள்ளே யாராவது முறை வேலைக்கு மட்டம் போட்டால், "என்னடா, டிராயிங் ஆபீஸா நீ?" என்பார்கள். அதைவிடப் பெரிய வசவு அந்த வாரம் அங்கே இல்லை.

ரெமியும் அந்த வசவைச் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறான்.

அன்று உலையைப் பார்த்துக்கொள்கிற முறை ரெமிக்கும் அர்மானுக்கும். வேலை நின்றாலும் உலைக்குள் இளந்தீ இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் உள்செங்கல் வெடித்துவிடும். முதலாளி சொத்தாயிற்றே என்று விட்டுவிட யாருக்கும் மனசு வரவில்லை. நாளைக்கு அதே உலையில்தானே வேலை. மத்தியானம் தாண்டிக் கரி வாரிப் போட்டுவிட்டு ரெமி வெளியே வந்தபோது கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பு. காலில் மரக்காலணி. இடுப்பில் கருகின தோல் அங்கி.

அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்கய்யா படிச்ச புள்ளைங்க," என்றார் அர்மான். "நமக்குப் புரட்சி சொல்லிக்குடுக்க."

மாணவர்கள் கேட்டுக்கு வெளியே தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சிவப்புக் கொடி, கறுப்புக் கொடி, சில பேர் கையில் ரொட்டி மூட்டை, ஒருத்தன் தோளில் சாராயப் பீப்பாய்கூட இருந்தது. உள்ளே இருந்தவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். தொழிலாளர்களின் சர்வதேசப் பாட்டை அவர்கள் தொடங்கியதும் இவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே பாட்டு, நடுவில் கேட்.

பெர்த்தின் ஒலிபெருக்கியை எடுத்தான். பெர்த்தின் சங்கத்துப் பிரதிநிதி. ரெமியின் அக்கா புருஷன். அப்பா இறந்த வருஷம் ரெமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். கெட்டவன் இல்லை. பயந்தவனும் இல்லை. ஆனால் சங்கத்துக் கட்டளை என்றால் கட்டளை.

"தோழர்களே, வந்ததுக்கு நன்றி. ரொட்டிய வாசல்ல வச்சிருங்க. உள்ள யாரையும் விட முடியாது. நாளைக்கு ஒரு மெஷின் ஒடஞ்சாக்கூட, நாங்கதான் ஒடச்சோம்னு போலீஸ உள்ள விட்ருவாங்க. வீட்டுக்குப் போங்க."

வெளியே கூச்சல் போட்டார்கள். "தொழிலாளியும் மாணவரும் ஒண்ணு," என்று ஒரு பெண் குரல் கத்தியது. "நாங்க ஆறு மணிக்கு எழுந்திரிப்போம் பாப்பா, நீ எழுந்திரிப்பியா?" என்று உள்ளே இருந்து ஒருத்தன் கேட்டான். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அந்தச் சமயம் வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ரெமி பின்வரிசையில் நின்று தலைகளைத் தேடினான். அவள் வந்திருக்கக் கூடாது என்று நினைத்தான். வந்திருக்க வேண்டும் என்றும் நினைத்தான்.

போலீஸ் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. பாலத்தின் மேல் ஒரு வரிசை, ரயில் பாதைப் பக்கம் ஒரு வரிசை. தலைக்கவசம், கேடயம், நீளத் தடி. நடுவில் ஆலையின் உயர்ந்த மதில். மாணவர்களுக்குப் போக இடமில்லை. பாட்டு நின்றது. முதல் கண்ணீர்ப்புகைக் குண்டு தெருவில் உருண்டபோது எல்லோரும் கேட்டை நோக்கி ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"திறங்கய்யா," என்று கெஞ்சினார்கள். "அடிச்சே கொன்னுருவானுங்க."

பெர்த்தின் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தான். திறந்தால் மாணவர்களோடு போலீஸும் உள்ளே நுழையும். மாறுவேஷத்தில் எத்தனை போலீஸ்காரன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறானோ, யார் கண்டது? அவன் பெரிய கேட்டைத் தொடவில்லை. அதற்குள் இருந்த திட்டிவாசலைத் திறந்தான். ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுதான்.

"நம்ம ஆளு யாராச்சும் கை குடுத்து, இவன எனக்குத் தெரியும்னு சொன்னா உள்ள விடுறேன். தெரியாத ஆள விடமாட்டேன். சீக்கிரம்."

ஆட்கள் முண்டியடித்துத் திட்டிவாசலுக்கு வந்தார்கள். ஒருத்தன் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தான். இன்னொருத்தன் தன் தம்பியோடு பள்ளியில் படித்தவனை இழுத்தான். அர்மான் கூட்டத்துக்குள் கையை விட்டார். கண்ணாடி உடைந்து, இருமிக்கொண்டு, முகமெல்லாம் நீர் வழிய நின்ற ஒல்லியான மாணவன் ஒருவனின் கை அகப்பட்டது.

"இவன எனக்குத் தெரியும். என் தங்கச்சி மகன்."

"உனக்கு ஏதுய்யா தங்கச்சி?" என்றான் பெர்த்தின்.

"இன்னைக்குப் பொறந்தா. விடு."

பெர்த்தின் விட்டான். வேலைநிறுத்தம் தொடங்கிய நாளிலிருந்து அவன் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

அடுத்து திட்டிவாசலில் குனிந்தது எலியான். நீலக் கோட்டு கிழிந்திருந்தது. ஒரு கையில் இன்னும் ரொட்டி மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புகையில் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எனக்கு இங்க ஒருத்தரத் தெரியும்," என்றாள் மூச்சு வாங்க. "ரெமி ஓசு. டிராயிங் ஆபீஸ்ல வேல பாக்குறார்."

அத்தனை கலவரத்திலும் ஆட்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது.

"டிராயிங் ஆபீஸா? அவங்கல்லாம் பஸ்ஸேறிப் போயாச்சு தாயீ."

"வீட்ல உக்காந்து படம் வரைஞ்சுட்டிருப்பாங்க."

பெர்த்தின் சிரிக்கவில்லை. அவன் திரும்பிக் கூட்டத்தில் தன் மைத்துனனைத் தேடினான். "ரெமி ஓசுன்னு ஒரே ஆளுதான் இங்க. மண்ணு வாரறவன். டேய் மாப்ள, இங்க வா."

ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வழி விட்டிராவிட்டால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறான். மரக்காலணி தரையில் டக்டக்கென்று அடிக்க, அவன் திட்டிவாசலுக்கு முன்னால் போய் நின்றான். கறுத்த முகம், கறுத்த கை. எலியான் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். முதலில் அவளுக்கு அடையாளம் தெரிந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் கை நீண்டது. வெள்ளைக் கை. வாசலுக்குள் வந்து, அவன் வயிற்றுக்கு முன்னால் நின்றது.

"இந்தப் பொண்ண உனக்குத் தெரியுமா?" என்றான் பெர்த்தின்.

தெரியும் என்றால், டிராயிங் ஆபீஸ் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். இந்த முகங்கள் எல்லாம் அதைக் கேட்கும். இவன் நம்மைச் சொல்ல வெட்கப்பட்டான், வெள்ளைக் கோட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான் என்று ஒவ்வொரு காலையும் கை கொடுக்கும்போது நினைப்பார்கள். இவ்வளவும் அவனுக்குள் ஓடியது. அவ்வளவும் ஓட நேரம் இருந்தது. அதுதான் கொடுமை. யோசிக்க நேரமில்லாமல் வாய் தவறிவிட்டது என்று அவனால் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

ரெமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தெரியாது," என்றான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எனக்குத் தெரியாது மச்சான்."

எலியான் அவன் பெயரைக் கூப்பிடவில்லை, திட்டவில்லை. நீட்டிய கையை மெதுவாக உள்ளிழுத்துக்கொண்டாள். ரொட்டி மூட்டையை வாசல்படிக்குள் தள்ளிவைத்தாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவன் அப்போது அறிந்தான். பெர்த்தின் அவளைத் தோளில் பிடித்து வெளியே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டான். கேடயங்கள் கேட்டை நெருங்கிவிட்டன.

மேல் சன்னலில் ஏறியவர்கள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெமி ஏறவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டான். தடி சதையில் விழுந்தால் ஒரு சத்தம், எலும்பில் விழுந்தால் வேறு சத்தம். பவுண்டரிக்காரனுக்குச் சத்தத்தில் பிரித்துச் சொல்லத் தெரியும். உள்ளே இருந்தவர்கள் ஆத்திரத்தில் ஆணியும் போல்ட்டும் எடுத்துப் போலீஸ் மேல் எறிந்தார்கள். கடைசியில் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டார்கள். அப்போதுதான் போலீஸ் பின்வாங்கியது. அதற்குள் வேனில் ஏற்ற வேண்டியவர்களை ஏற்றிவிட்டார்கள்.

"அந்த நீலக் கோட்டுப் பொண்ணு வாயில அடிச்சுட்டானுங்க," என்று சன்னலில் இருந்து இறங்கிவந்த ஒருத்தன் சொன்னான். "கீழ விழுந்தப்புறமும் அடிச்சானுங்க."

அர்மான் ரெமியைப் பார்த்தார். "பேரச் சரியாத்தான சொன்னா அவ?"

"பேர எங்கயாச்சும் கேட்டிருப்பா," என்றான் ரெமி.

"ம்," என்றார் அர்மான். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவள் தள்ளிவைத்த மூட்டையிலிருந்த ரொட்டியை அன்று மாலை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ரெமிக்கும் ஒரு துண்டு வந்தது. பசி. தின்றான். தொண்டையில் இறங்கும்போது ஒவ்வொரு கவளமும் அவனுக்குத் தெரிந்தது. இருந்தாலும் தின்றான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பெர்த்தின் பேசினான். கலவரத்தில் நிதானம் இழக்காதவர்களைப் பாராட்டினான். "நம்ம ரெமியப் பாருங்க. அழுதுட்டு நிக்கிற ஒரு பொண்ணு பேரச் சொல்லிக் கூப்பிடுறா. வேற எவனாச்சும் எளகியிருப்பான். தெரியாத ஆளத் தெரியாதுன்னு சொன்னான். போலீஸ் அனுப்பின ஆளா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? இந்த மாதிரி ஆளுதான் நமக்கு வேணும்." கமிட்டியில் ஓர் இடம் காலியாக இருந்தது. கை தூக்கச் சொன்னான். எல்லாக் கையும் உயர்ந்தது. அர்மான் கையும் உயர்ந்தது, கொஞ்சம் தாமதமாக.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முகத்தில் ஈயாடாமல் நின்றான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள்.

ஜூன் பாதியில் கூலி உயர்வு கொடுத்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது, ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். உலையில் பழையபடி தீ எழுந்தது. ரயில் ஓடத் தொடங்கியது. தபால்காரர் வந்தார். ரெமிக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து, கை கழுவாமல், அழுக்கு உடுப்போடு பாலத்தைத் தாண்டி மேட்டுத் தெருவுக்கு ஏறினான். இனியாவது இப்படியே போகலாம் என்று நினைத்தான். அதிலும் கொஞ்சம் வேஷம் இருந்தது என்று மருந்துக்கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது பட்டது. திரும்பிவிடலாமா என்று நின்றான். உள்ளே இருந்து மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"தீப்புண் மருந்தா தம்பி? பவுண்டரி ஆளுதான?" என்றார் அவர் நல்லவிதமாக. "எலியான், அந்த மஞ்சள் டப்பாவ எடு."

எலியான் பின்கட்டிலிருந்து வந்தாள். இடது கை துணித் தூளியில் கிடந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு. அவனைப் பார்த்து நின்றாள். அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் உள்ளே போனார். பேசும்போது மற்றக் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டாள். முன்பல் இரண்டு இல்லை.

"உக்காரு," என்றாள்.

அவன் உட்காரவில்லை. "நான் டிராயிங் ஆபீஸ் இல்ல," என்றான். நாள் கணக்கில் ஒத்திகை பார்த்துவந்த பேச்சு அத்தனையும் போய் இதுதான் வாயில் வந்தது.

"தெரியும்."

"அன்னைக்குத் தெரிஞ்சுதா?"

"நடனத்தன்னைக்கே தெரியும். சின்ன வயசிலேருந்து சனிக்கிழம சனிக்கிழம இந்தக் கவுண்டர்ல நிக்கிறேன். தீப்புண் மருந்துக்கு ஆத்தத் தாண்டி வர்ற உங்க ஆளுங்க அப்பாவுக்குக் கை குடுக்கும்போதுகூட மணிக்கட்டத்தான் நீட்டுவாங்க. கெட்டில் சுட்ட புண்ணும் இரும்பு தெறிச்ச புண்ணும் எனக்குத் தெரியாதா?"

ரெமி மருந்துக்கடை மரப்பெஞ்சில் உட்கார்ந்தான். கரி அதில் ஒட்டியது.

"அப்புறம் ஏன் வாசல்ல வந்து டிராயிங் ஆபீஸ்னு சொன்ன?"

கேட்டதற்கே அவன் வெட்கப்பட்டான். அவள்மேல் குற்றம் சொல்வது போல இருந்தது.

"நீ எனக்குச் சொன்னது அதுதான," என்றாள். "நான் மாத்திச் சொன்னா, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிரும். உன் ஆளுங்க முன்னால உன்ன அசிங்கப்படுத்த வேண்டாம்னு பாத்தேன். அங்க அது கெட்ட வார்த்தைன்னு எனக்கு யாரு சொன்னா?"

வெளியே ஒரு லாரி மேடேறிப் போனது. மருந்துப் புட்டிகள் லேசாக நடுங்கின.

"என்ன மன்னிச்சுரு எலியான்."

"இங்க சொல்லாத." வாயை மறைத்த கையை அவள் எடுத்துவிட்டாள். பல் போன இடம் தெரிந்தது. அவன் கண்ணைத் தாழ்த்தினான். "பாரு. என்னயப் பாத்துக் கேளு. மருந்துக்கடையில, யாருமில்லாதப்ப, எங்கிட்ட மன்னிப்பு கேக்குறது லேசு. பல்லு போனதுக்கு நீ காரணமில்ல, அடிச்சவன் வேற. ஆனா தெரியாதுன்னு சொன்னது நீ. எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு. அந்த ஆளுங்க எல்லாரும் இருக்கும்போது, அந்தப் பொண்ண எனக்குத் தெரியும்னு சொல்லு. அப்புறம் வா. அழுக்கோட வா, கழுவிட்டு வா, எப்படி வேணா வா."

"திங்கக்கெழம சொல்லிடறேன்."

"சொன்னா வா," என்றாள். மஞ்சள் டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். ஒரு வாடிக்கைக்காரி உள்ளே வந்தாள். எலியான் மறுபடி கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனாள்.

திங்கட்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறையில் வழக்கம் போல எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெமி வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். நல்ல கூட்டம் இருந்தது. பெர்த்தினும் இருந்தான். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"மச்சான், அன்னைக்கு கேட்ல ஒரு பொண்ணு வந்துச்சுல்ல," என்று தொடங்கினான்.

"எது, டிராயிங் ஆபீஸ் பொண்ணா?" என்று மூலையிலிருந்து ஒருத்தன் கேட்டான். உடனே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா ரெமி அவர்களே, என் படத்தக் கொஞ்சம் வரைஞ்சு குடுங்களேன்." "வெள்ளைக் கோட்டு எங்க தொவைக்கப் போட்டிருக்கீங்க?" ஒருத்தன் மண்வெட்டியைப் பென்சில் போல விரலிடுக்கில் பிடித்து ஆட்டிக்காட்டினான். அறையே அதிர்ந்தது. அவனை இழிவுபடுத்தவில்லை யாரும். அவன்மேல் இருந்த பிரியத்தில்தான் அப்படிச் சிரித்தார்கள். நம்மவன் என்ற உரிமையில்.

"என்ன சொல்ல வந்த மாப்ள?" என்றான் பெர்த்தின், சிரிப்புக்கு நடுவில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அர்மான் மட்டும் சிரிக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெமியும் சிரித்தான்.

"ஒண்ணுமில்ல மச்சான். அவ கொண்டாந்த ரொட்டி நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

சங்கு ஊதியது. எல்லோரும் உலைக்குப் போனார்கள். அர்மான் போகும்போது அவனுக்குக் கை கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த திங்கட்கிழமை என்று நினைத்தான். அதற்கடுத்தது என்று நினைத்தான். இலையுதிர்காலத்தில் எலியான் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள் என்று கேள்விப்பட்டான். மஞ்சள் டப்பா தீர்ந்த பிறகு தீப்புண்ணுக்கு இடக்கரையிலேயே வேறு கடையில் மருந்து வாங்குகிறான். பெர்த்தினுக்கு நெஞ்சு வலி வந்து ஒதுங்கியபோது ஆட்கள் ரெமியைத்தான் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாளி முன்னால் நின்று சட்டென்று பேசுவான், யாருக்கும் அஞ்சமாட்டான் என்று அவனுக்குப் பெயர். கூட்டங்களில் அவன் பேச எழுந்தால் பின்வரிசையிலிருந்து யாராவது "டிராயிங் ஆபீஸ்" என்று குரல் கொடுப்பார்கள். சிரித்து ஓயும்வரை அவன் காத்திருப்பான். பிறகு கூலியைப் பற்றியும் புகைபோக்கியைப் பற்றியும் பேசுவான்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று அந்த ஆட்கள் முன்னால் சொல்வதாக எலியானுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் இன்னும் பாக்கி.